சிமெண்ட் இறுகும் முன்

ஓமானின் தெற்குப் பாலைவனத்தில் ஜூன் மாதம் காலை ஒன்பது மணிக்கெல்லாம் காற்று கிளம்பிவிடும். மணலை அள்ளிக்கொண்டு வரும் காற்று. அதற்குள் ஸ்பிளைஸ் வேலையை, அதாவது எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கும் கண்ணாடி இழைகளை முனையோடு முனை ஒட்டும் வேலையை, முடித்தாக வேண்டும் என்று நானும் அண்ணாச்சியும் நாலு மணிக்கே எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவோம். ஒரு கன்டெய்னருக்குள் மேசை போட்டிருக்கும். அதன்மேல் கறுப்பு ரப்பர் விரிப்பு, ஸ்பிளைஸிங் மெஷின், ஆல்கஹால் புட்டி, பஞ்சு படாத துடைப்புத் தாள், உடைந்த துணுக்குகளைப் போட மூடி போட்ட ஒரு டப்பா. விரிப்பு ஏன் கறுப்பு என்றால், அதில்தான் கண்ணாடித் துணுக்கு கண்ணுக்குத் தெரியும். வெள்ளைத் துணியில் விழுந்தால் விரலில் ஏறிய பிறகுதான் தெரியும்.

இழையின் தடிமன் 125 மைக்ரான். தலைமுடியைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். ஒளி ஓடும் நடுப்பகுதி சில வகை இழைகளில் 9 மைக்ரான், சிலவற்றில் 50. அண்ணாச்சி மேலுறையை உரித்து, ஆல்கஹால் தாளால் ஒரே இழுப்பில் துடைப்பார். சுத்தமானால் கண்ணாடி லேசாகக் 'கீச்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வரும்வரை துடைப்பார். பிறகு வெட்டுவார், மெஷினில் வைப்பார். திரையில் இரண்டு முனைகளும் எதிரெதிரே இரண்டு தூண்கள் மாதிரி பெரிதாகத் தெரியும்.

"தம்பி, இந்த மூஞ்சியப் பாத்தியா? ஓரத்துல பல்லு நிக்கி. திருப்பி வெட்டணும்."

"மெஷின் பாஸ்னு காட்டுது அண்ணாச்சி."

"மெஷின் பாஸ் போட்டுட்டுன்னு விட்டா, கீழ கெடக்கிற ரெண்டாயிரம் மீட்டரும் மங்கலாத்தான் தெரியும், பாத்துக்கோ."

திருப்பி வெட்டுவார். சில நாள் மூன்று முறை. இருபது வருஷம் ஊரில் டெலிபோன் கேபிள் ஒட்டிவிட்டு வளைகுடாவுக்கு வந்தவர். எண்ணெய்க் கிணறு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் நான் பார்த்த கிணறுகளில் பத்து வருஷம் கழித்தும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் அவர் கை பட்டவை.

கிணற்றுக்குள் இந்த இழையை ஏன் இறக்குகிறோம் என்பதை ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இப்படி. சின்ன வயதில் கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்ப்போம் இல்லையா? கல் விழுந்து சத்தம் வர எவ்வளவு நேரமோ, அதை வைத்து ஆழத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவோம். இங்கே கல்லுக்குப் பதில் ஒரு லேசர் துடிப்பு. அது இழைக்குள் கீழே ஓடும்போது, ஒவ்வொரு இடத்திலும் கண்ணாடி அதில் ஒரு துளியைச் சிதறடித்து மேலே திருப்பி அனுப்பும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு மீட்டர் போய்த் திரும்ப, நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். திரும்பி வரும் வெளிச்சத்தை அந்த வேகத்தில் நறுக்கி நறுக்கி எடுத்தால், எந்தத் துளி எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். 3,000 மீட்டர் கிணற்றில் மீட்டருக்கு ஒன்றாக மூவாயிரம் இடம். அங்கெல்லாம் தனித்தனிக் கருவியோ மின்சாரமோ கிடையாது. இழைதான் கருவி. மின்னணுப் பொருள் எல்லாம் மேலே, ஏசி போட்ட அறையில் இருக்கும்.

அந்தத் துளியில் பெரும்பங்கு போன நிறத்திலேயே திரும்பி வரும். மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வரும். கண்ணாடியின் அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒளி அந்த அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு நிறம், அதனிடமிருந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தால் இன்னொரு நிறம். கண்ணாடி சூடாக இருந்தால் வாங்கிக்கொண்டு வருவது கூடும். இரண்டுக்குமுள்ள விகிதத்தைப் பார்த்தால் அந்த மீட்டரின் வெப்பநிலை கிடைத்துவிடும். இதை 'டிடிஎஸ்' என்போம். சில நிமிடம் சேர்த்து அளந்தால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வரை வித்தியாசம் தெரியும்.

அந்த நிறமாற்றத்துக்குப் பெயர் ராமன் விளைவு. திருச்சியில் பிறந்த சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் சூரிய வெளிச்சத்தையும் வடிகட்டிக் கண்ணாடிகளையும் வைத்துத் திரவங்களில் கண்ணாலேயே பார்த்தது. 1928 பிப்ரவரி 28. அரை நூற்றாண்டு கழித்து, 1980களில் இங்கிலாந்தில் இதைக் கண்ணாடி இழையில் வெப்பமானியாக மாற்றினார்கள். ஆர்தர் ஹார்டாக் 1983இல் திரவம் நிரப்பிய இழையில் வெப்பத்தை அளந்து காட்டினார். 1985இல் ஜான் டேக்கின் குழு கெட்டிக் கண்ணாடி இழையில் ராமன் ஒளியை வைத்தே அளந்தது. பாலைவனத்தில் அர்த்தராத்திரியில் திரையில் 'ராமன்' என்று ஒரு பட்டனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ செய்யும். அங்கே வேலை பார்க்கும் பிலிப்பினோ நண்பருக்கு இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

வெப்பநிலையில் என்ன தெரியும்? நிறையத் தெரியும். பூமிக்குள் போகப் போக கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். கிணறு சும்மா இருந்தால் திரையில் சரிவான ஒரு நேர்கோடு. வாயு பாறையிலிருந்து பிதுங்கிக் குழாய்க்குள் விரியும் இடத்தில் குளிரும். சமையல் வாயு உருளையின் வாய் சில்லிட்டுப் போவது போல. எண்ணெயும் தண்ணீரும் அழுத்தம் குறைந்து உள்ளே வரும்போது கொஞ்சம் சூடாகும். எண்ணெயை மேலே தூக்க வாயுவை உள்ளே விடும் கேஸ் லிஃப்ட் வால்வுகளில் எது திறந்திருக்கிறது, எது ஒழுகுகிறது என்பது அந்தந்த ஆழத்தில் விழும் குளிர்க் குழியிலேயே தெரிந்துவிடும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் நீராவி விட்டுத் தாரை இளக்கி எடுக்கிறார்கள். அங்கே கிடைக் கிணற்றின் எந்தப் பக்கம் நீராவி முந்திக்கொண்டு வந்துவிட்டது என்பதை இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இரண்டாவது வகையில் அதே நிறத்தில் திரும்பும் பெரும்பங்கை எடுத்து, அதன் அலைக்கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது. இழை இழுபட்டாலோ சுருங்கினாலோ கட்டம் நகரும். ஒலி என்பதே நுண்ணிய இழுபறிதானே. அப்படியானால் இழை முழுக்கக் காது. இதை 'டாஸ்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2009 பிப்ரவரியில் கனடாவில் ஷெல் நிறுவனம் ஒரு வாயுக் கிணற்றில் பாறையை அழுத்தத்தால் பிளக்கும்போது இதை இறக்கிக் கேட்டது. கிணற்றுக்குள் நடந்த முதல் சோதனை அதுதான். இன்று கார்பன் டை ஆக்ஸைடைப் பூமிக்குள் அடைக்கும் இடங்களில், ஆஸ்திரேலியாவின் ஆட்வே, கனடாவின் அக்விஸ்டோர் போன்றவற்றில், இந்த இழைதான் நிலநடுக்கப் பதிவுக் கருவியின் வேலையையும் செய்கிறது.

காதில் விழுவதை நாங்கள் படமாகப் பார்ப்போம். மேலிருந்து கீழ் ஆழம், இடமிருந்து வலம் நேரம். ஒரு வாயுக் குமிழி மேலே ஏறினால் சாய்ந்த ஒரு கோடு. கோட்டின் சாய்வே அதன் வேகம். குழாயில் துளையிட்ட இடங்களில் எது பேசுகிறது, எது ஊமை என்று தெரியும். மணல் துகள் இரும்பில் அடிக்கும் சத்தம் தனி. அதைக் கண்டுகொள்ளப் பழகிவிட்டால் எந்த மீட்டரில் மணல் உள்ளே வருகிறது என்று சொல்லலாம்.

இதெல்லாம் வருவதற்கு முன்னாலும் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒயர்லைன் வண்டி வரும், கம்பியில் கருவியைக் கட்டி இறக்குவார்கள், இழுப்பார்கள், காகிதத்தில் கோடு கிடைக்கும். அந்த ஆறு மணி நேரம் கிணறு எப்படி இருந்தது என்று தெரியும். அதுவும் கருவி இறங்குவதற்காக ஓட்டத்தைக் குறைத்து, சில நேரம் நிறுத்தி எடுத்தது. விருந்தாளி வந்திருக்கும் நேரத்து வீட்டைப் பார்ப்பது போல. மிச்ச வருஷம் முழுவதும் உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் மேலேயுள்ள அழுத்தமானியைக் காட்டுவார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான கிணற்றுக்கு வருகிறேன்.

தண்ணீர் செலுத்தும் கிணறு அது. ஓமானில் பழைய வயல்களில் எண்ணெயோடு பல மடங்கு தண்ணீர் மேலே வரும். அதில் ஒரு பங்கைத் திருப்பிப் பாறைக்குள் செலுத்தி அழுத்தத்தைத் தக்கவைப்பார்கள். கிணற்றில் இழை இறக்கியது எங்கள் குழு. டியூபிங் என்னும் உட்குழாயின் வெளிப்பக்கமாக, கால் அங்குல எஃகுக் குழலுக்குள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு கிளாம்ப். பத்து மூட்டுக்கு ஒருமுறை ஒளி அனுப்பிச் சோதனை. மூன்று நாள் தூக்கமில்லை. கடைசியில் கிணற்றின் தலையில், வெல்ஹெட்டில், அண்ணாச்சி ஒட்டினார். திரையில் கோடு அழகாக விழுந்தது. "அமைப்பு ஒப்படைக்கப்பட்டது" என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான்.

தண்ணீர் செலுத்தும் கிணற்றில் பார்க்க வேண்டிய நேரம் அது ஓடும் நேரம் கிடையாது. நிறுத்திய பிறகுதான் விஷயம் இருக்கிறது. ஓடும்போது குளிர்ந்த தண்ணீர் குழாய் முழுவதையும் குளிர வைத்துவிடும். எல்லா ஆழமும் ஒன்று போலவே தெரியும். பம்ப்பை நிறுத்தினால், சுற்றியுள்ள பாறையின் சூட்டில் கிணறு மெல்ல மெல்லப் பழைய கோட்டுக்குத் திரும்பும். தண்ணீரைக் குடித்த பாறை மட்டும் திரும்பாது. மாதக்கணக்கில் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போயிருப்பதால் அது சில நாள், சில வாரம் குளிர்ந்தே கிடக்கும். அந்தக் குளிர்ந்த வயிறு சரியாக நாம் தண்ணீர் விட நினைத்த ஆழத்தில் இருந்தால் நல்லது. அதற்கு மேலே இருந்தால், குழாய்க்கும் பாறைக்கும் நடுவிலுள்ள சிமெண்டில் வழி ஏற்பட்டு, தண்ணீர் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஒப்படைத்து ஏறத்தாழ இரண்டு வருஷம் கழித்து, பக்கத்துக் கிணற்று வேலைக்குப் போனபோது, லேசர் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று அந்த அறையைத் திறந்தேன். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு வீதம், ஒரு நாள் விடாமல் எழுதிவைத்திருந்தது. பராமரிப்புக்காக பம்ப்பை நிறுத்திய நாட்களைத் தேடி எடுத்தேன். முதல் நிறுத்தத்தில், தண்ணீர் போக வேண்டிய அடுக்குக்கு மேலே 40 மீட்டர் வரை குளிர் நின்றிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் 90 மீட்டர். மூன்றாவதில் 160. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோட்டையும் போட்டுப் பார்த்தபோது நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டேன். முதல் கோட்டின் தேதி பதினோரு மாதம் முந்தியது.

யாரும் திறந்து பார்க்கவில்லை. கோப்புகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி ஓர் அலமாரியில் வைத்திருந்தார்கள். யார் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். உற்பத்திப் பிரிவு என்று ஒருவர் சொன்னார். அவர்கள் கிணற்றுப் பாதுகாப்புப் பிரிவைக் கைகாட்டினார்கள். அங்கே இருந்த இளைஞர் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "சார், இந்தக் கிணத்துல ஃபைபர் இருக்கா?" மலையாளி பையன், தமிழில்தான் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கிணற்றை நிறுத்தினார்கள். துளையிட்டுச் சிமெண்டை அழுத்திச் செலுத்தி அடைத்தார்கள். முதல் கோடு விழுந்த வாரத்தில் செய்திருந்தால் 40 மீட்டரோடு போயிருக்கும். என் கையெழுத்துள்ள அந்த ஒப்படைப்பு அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இழையின் இழப்பு டெசிபெல் கணக்கு, கிளாம்ப் எண்ணிக்கை, வரிசை எண் எல்லாம் இருந்தன. கோட்டை யார், எப்போது, எதற்காகப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும் முதல் பக்கத்தில் அந்த வரியைத்தான் எழுதுகிறேன். பெயரும் தொலைபேசி எண்ணும் நிரப்பாமல் கையெழுத்துப் போடுவதில்லை.

தரவு அதிகமாகிவிட்டால் இந்த ஆபத்தும் அதிகமாகிறது. டாஸ் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 3,000 இடம், நொடிக்கு 10,000 தடவை, ஒவ்வோர் அளவுக்கும் 4 பைட். நொடிக்கு 12 கோடி பைட் ஆகிறது. நாள் ஒன்றுக்கு 10 டெராபைட்டுக்கு மேல். பாலைவனத்திலிருந்து இதை எந்த லைனில் அனுப்புவது? ஆகவே பெட்டிக்குள்ளேயே சுருக்கி, இந்தச் சுருதி வரம்பில் இவ்வளவு சத்தம் என்று மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுகிறோம். எதை அழிக்கலாம் என்பதை, கிணற்றுக்கு என்ன நோய் வரப்போகிறது என்று தெரிவதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறோம். எனக்கு இது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில், தீர்ந்துபோன எண்ணெய்ப் பாறைக்குள் இயற்கை வாயுவைச் சேமித்துவைக்கும் இடம். அங்கே எஸ்எஸ்-25 என்ற கிணறு 2015 அக்டோபர் 23 அன்று கசியத் தொடங்கியது. மேலிருந்து கனமான திரவத்தை இறக்கி அடக்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை. பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டிக் கீழே போய்ப் பிடித்துத்தான் 2016 பிப்ரவரியில் அடைத்தார்கள். அதற்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்துவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. 1950களில் தோண்டிய கிணறு அது, எண்ணெய்க்காக. 1970களில் வாயுச் சேமிப்புக்கு மாற்றினார்கள். 2019இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது இதுதான்: 892 அடி ஆழத்தில் ஏழு அங்குலக் கேசிங்கை, அதாவது கிணற்றுக்குச் சுவராக நிற்கும் இரும்புக் குழாயை, வெளிப்பக்கமிருந்து நிலத்தடி நீரும் அதிலிருந்த நுண்ணுயிரும் அரித்திருந்தன. மெலிந்துபோன இரும்பு நெடுக்காகக் கிழிந்தது. பீறிட்ட வாயு விரிந்து குளிர்ந்ததில் அது குறுக்காகவும் முறிந்தது. அழுத்தத்தை இடைவிடாமல் கவனிக்கும் ஏற்பாடு அந்தக் கிணற்றில் இல்லை என்பதையும் அறிக்கை குறித்திருந்தது.

இழை இருந்திருந்தால் தடுத்திருக்குமா என்று என்னைக் கேட்பார்கள். இரும்பு மெலிவதை இழை அளக்காது. அதற்கு வேறு கருவி உண்டு, அதையும் இறக்கிப் பார்த்தாக வேண்டும். கிழிந்த நொடியில் எந்த ஆழம் என்று காட்டியிருக்கும். 892 அடியில் திடீரென்று அவ்வளவு குளிர் விழுந்தால் மறைக்க முடியாது. கிழிவதற்கு முன் ஊசித் துளையாக ஒழுகியிருந்தால் அதையும் காட்டியிருக்கும். இதற்குமேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இந்தத் தொழிலில் இழையை விற்பவர்கள் சிலர் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது.

எங்கள் ஊர் திருவாரூர்ப் பக்கம். கோவில்களப்பால், கமலாபுரம், நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணம் என்று காவிரிப் படுகையில் வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணறுகள் இருப்பது இங்கே படிப்பவர்களுக்குத் தெரியும். விடுமுறைக்குப் போனால் அப்பா வரப்பில் நின்றுகொண்டு தூரத்தில் தெரியும் வேலியைக் காட்டிக் கேட்பார். "ஏம்ப்பா, நம்ம போர்த் தண்ணி எரநூறு அடியில இருக்கு. அவங்க குழாய் அதத் தாண்டித்தானே கீழ போகுது? அந்தக் குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

உலகத்தில் எந்த எண்ணெய்க் கிணற்றைப் பற்றிக் கேட்டாலும் அதுதான் சரியான கேள்வி. நிலத்தடி நீர் அடுக்குக்கு எதிரே ஒரு கேசிங், சில கிணறுகளில் இரண்டு, அதைச் சுற்றிச் சிமெண்ட் என்று பதில் சொன்னேன். "சிமெண்டு பூராவும் நெறஞ்சுச்சுன்னு எப்படிப்பா பாப்பீங்க?" என்றார். ஒலிக் கருவியை இறக்கிப் பார்ப்போம் என்றேன். "ஒரு தடவையா?" என்றார். பெரும்பாலும் ஒரு தடவைதான்.

எண்ணெய் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பதற்காக இழை போடுகிறார்கள், அதற்குப் பணம் இருக்கிறது. என் ஆசை வேறு. நீர் அடுக்கைக் கடந்து போகும் கேசிங்கின் வெளிப்பக்கம், சிமெண்டுக்குள்ளேயே, தலையிலிருந்து இழை போட வேண்டும். அதைப் பிறகு போட முடியாது. டியூபிங்கை வெளியே எடுக்கலாம், மாற்றலாம். கேசிங்குக்குப் பின்னால் போக வழியே கிடையாது. சிமெண்ட் இறுகும் முன் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் அந்தக் கிணற்றின் ஆயுசு முழுக்க இல்லை.

துளைப்புப் பிரிவினர் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. சிமெண்டுக்கு நடுவே ஒரு கேபிள் ஓடினால், அதன் ஓரமாகவே வாயு ஏற வழி கிடைக்கலாம். கேசிங் இறக்கும்போது கேபிள் பாறையில் உரசிக் கிழியலாம். பிறகு கீழே துப்பாக்கி என்று நாங்கள் சொல்லும் வெடிக்கருவியால் குழாயைத் துளையிடும்போது கேபிளையே சுட்டுவிடலாம். அதற்காகக் கேபிளோடு சேர்த்து இரும்புக் கம்பி ஓட்டி, காந்தக் கருவியால் அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கண்டுபிடித்து, துப்பாக்கியை எதிர்ப்பக்கம் திருப்பிச் சுடுவோம். சூடான கிணற்றில் ஹைட்ரஜன் மெல்லக் கண்ணாடிக்குள் ஊறி இழையை மங்கச் செய்யும். இழை மங்கினால் இரண்டு நிறமும் ஒரே அளவில் மங்காது, அதனால் வெப்பநிலையே பொய் சொல்லும். கார்பன் பூச்சுப் போட்ட இழையும், கீழே போய் வளைந்து மேலே வரும் இரட்டை ஓட்டமும் இதற்காகத்தான். இரண்டு முனையிலிருந்தும் ஒளி விட்டால் பொய்யைக் கழித்துவிடலாம். தொழில்நுட்பத் தடை ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. வழி கிடைக்காதது கணக்குப் புத்தகத்தில்தான். செலவு துளைப்புப் பிரிவின் தலையில் இந்த வருஷம் விழுகிறது. பலன் பத்து வருஷம் கழித்து வேறு யாருக்கோ, வயலைச் சுற்றி வாழ்பவர்களுக்கு.

போன குளிர்காலத்தில் ஒரு கிணற்றில் சம்மதித்தார்கள். புதுக் கிணறு, 'நைன் ஃபைவ்-எய்ட்' என்று நாங்கள் சொல்லும் 9 5/8 அங்குலக் கேசிங், 1,100 மீட்டர். கூட்டத்தில் கடைசிவரை வேண்டாம் என்றவர் கம்பெனி மேன், ரிக்கில் எண்ணெய் நிறுவனத்தின் சார்பில் வேலையை மேற்பார்ப்பவர். வயசாளி, நாற்பது வருஷம் கிணறு தோண்டியவர். மேலிடம் சொன்ன பிறகு ஒன்றும் பேசவில்லை. அண்ணாச்சி வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிவிட்டதால் ஸ்பிளைஸை நானே போட்டேன். இரண்டாம் வெட்டில் மெஷின் பாஸ் என்றது. மூன்றாவது வெட்டினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சிமெண்ட் பம்ப் செய்து முடித்தார்கள். மேலே சிமெண்ட் திரும்பி வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். திரும்பி வந்தால் நிறைந்துவிட்டது என்றுதான் வழக்கமாக எடுத்துக்கொள்வோம். நான் கன்டெய்னரில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்ட் இறுகும்போது சூடாகும். வீடு கட்டும்போது தளக் கான்கிரீட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் சில மணி நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு கோடு வலப்பக்கமாக மெல்ல நகரத் தொடங்கும். நள்ளிரவுக்கு மேல் அடியிலிருந்து நகர ஆரம்பித்தது. ஒரு டிகிரி, நாலு, ஏழு. இரண்டு மணிக்குப் பார்த்தால் ஏறக்குறைய கிணறு முழுவதும் பத்து டிகிரிக்கு மேல் சூடாகியிருந்தது.

610 மீட்டரிலிருந்து 648 மீட்டர் வரை மட்டும் கோடு நகரவில்லை. பழைய இடத்திலேயே நின்றது. அந்த ஆழத்தில் உம் எர் ரதுமா என்ற சுண்ணாம்புப் பாறை. பொந்து நிறைந்த பாறை, தண்ணீர் இருக்கும் பாறை. துளைக்கும்போது சேறு போட்டதெல்லாம் காணாமல் போனதும் அங்கேதான். பெட்டியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். மறு முனையிலிருந்து ஒளி விட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம் பொறுத்தேன். இரண்டு பக்கமும் சூடு ஏறிக்கொண்டே போக, நடுவில் அந்த இடம் மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி கிடந்தது.

மூன்று மணிக்குக் கம்பெனி மேனை எழுப்பினேன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையில் டீக் குவளையோடு வந்தார். நின்றுகொண்டே திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, விரலால் அந்த இடத்தின் மேலிருந்து கீழ்வரை தடவினார்.

எத்தனை மீட்டர் என்று கேட்டார்.

முப்பத்தெட்டு என்றேன்.

எங்கே நீர் அடுக்கு தொடங்குகிறது என்று கேட்டார். வரைபடத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். டீ ஆறிவிட்டது. வாக்கி-டாக்கியை எடுத்து, சிமெண்ட் வண்டிகள் எதையும் கேட்டைத் தாண்டி வெளியே விடாதே, எல்லாரையும் எழுப்பு என்றார்.